ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் – நிறைகளும் குறைகளும்

ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் புனே நகரைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறிய நிறுவனம் உருவாக்கிய முப்பரிமாண நிகழ்பட ஆட்டம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று நின்டெண்டோ சுவிட்ச் கருவியிலும், அதே ஆண்டு அக்டோபரில் கணினி, பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றிலும் வெளியானது. சூப்பர்.காம் நிறுவனம் இதை வெளியிட்டது. இந்தியாவில் உருவாகி, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஆட்டக் கருவிகளில் உலக அளவில் கவனம் பெற்ற சில ஆட்டங்களுள் இது முக்கியமானது.

இவ்வாட்டம் சண்டையும் சாகசமும் கலந்தது. ஆயினும் இதன் கணிசமான பகுதி சுவர்களில் ஓடுதல், விளிம்புகளைப் பற்றி ஏறுதல், தூண்களில் தொற்றுதல், ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குத் தாவுதல் ஆகியவற்றால் ஆனது. ஆகவே இதைத் தாவியேறும் ஆட்டங்களின் வரிசையிலும் வைத்து மதிப்பிட வேண்டும். அவ்வாறு மதிப்பிடும்போதுதான் இதன் சிறப்பும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பது தெரியவரும்.

பின்னணி

தாவியேறும் ஆட்டம் என்பது பிளாட்பார்மர் என்று ஆங்கிலத்தில் வழங்கும் வகை. தடைகளையும் பள்ளங்களையும் தாண்டிக் குதித்து முன்னேறுவதே இதன் அடிப்படை. 1981இல் வெளியான டாங்கி காங் இவ்வகையின் தொடக்க கால ஆட்டங்களுள் ஒன்று. 1989இல் ஜோர்டான் மெக்னர் உருவாக்கிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மனித உடலின் இயல்பான அசைவை இவ்வகைக்குள் கொண்டுவந்தது. 1996இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64 தாவலை முப்பரிமாண வெளிக்குக் கொண்டுசென்று, பின்வந்தவர்களுக்கு இலக்கணம் வகுத்தது. 2003ஆம் ஆண்டின் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் சுவரில் ஓடுவதையும் கம்பங்களில் ஊசலாடுவதையும் பரவலாக்கியது. ராஜி ஆட்டத்தின் அசைவுகளில் இந்தக் கடைசி ஆட்டத்தின் சாயல் வெளிப்படையாகவே உண்டு.

பெரிய நிறுவனங்களின் முதலீடு இல்லாமல் சிறு குழுக்கள் தம் பொறுப்பில் உருவாக்குபவை சுயாதீன ஆட்டங்கள் எனப்படுகின்றன. ராஜி அத்தகையது. 2017இல் இக்குழு கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டது. எதிர்பார்த்த தொகை திரளவில்லை. நிறுவனர்களுள் ஒருவரான அவிச்சல் சிங் தம் வீட்டை விற்றுப் பணியைத் தொடர்ந்ததாகச் செய்திகள் வெளியாயின. பின்னர் வெளியீட்டாளரின் துணை கிடைத்தது. 2020ஆம் ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விருதுகளில் சிறந்த முதல் படைப்புக்கான பரிந்துரைப் பட்டியலில் ராஜி இடம்பெற்றது.

இந்தப் பின்னணி மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு படைப்பு உருவான சிரமம் வேறு, அது சென்றடைந்த தரம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே திறனாய்வின் வேலை.

கதைச் சுருக்கம்

ராஜி பெற்றோரை இழந்த சிறுமி. திருவிழாக்களில் வித்தை காட்டும் கூட்டத்தோடு வாழ்பவள். அவளுக்குக் கோலு என்றொரு தம்பி. ரக்ஷா பந்தன் நாளில் அசுரர் கூட்டம் ஊரைத் தாக்குகிறது; கோலுவைத் தூக்கிச் செல்கிறது. தம்பியைத் தேடிப் புறப்படும் ராஜிக்குத் துர்க்கை திரிசூலம் அருள்கிறாள். பின்னர் வில்லும் வேறு ஆயுதங்களும் கிடைக்கின்றன. கோட்டைகள், நீர்நிலைகள், காடு, பாலைவனம் எனப் பல நிலங்களைக் கடந்து, அசுரர் தலைவனான மகாபலாசுரனை அவள் எதிர்கொள்கிறாள்.

ரக்ஷா பந்தன் தமிழ்நாட்டில் பழமையான வழக்கம் அன்று. எனினும் உடன்பிறந்தான் நலத்துக்காகப் பெண்கள் கனுப்பிடி வைக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கதையின் உணர்வு அந்நியமாக இராது. பொதுவாக வீரன் ஒருவன் இளவரசியை மீட்கும் கதையே இவ்வகை ஆட்டங்களில் மிகுதி. இங்கே ஒரு பெண் குழந்தை தன் தம்பியை மீட்கப் போகிறாள். கையில் அரசோ படையோ இல்லாத, கூத்தாடி வாழும் ஏழைச் சிறுமி அவள். இந்தத் தேர்வு கதையின் முதல் பலம்.

நிறைகள்

காட்சி உலகம்

ராஜியைத் தொடங்கும் எவரும் முதலில் வியப்பது அதன் காட்சிகளைத்தான். இமயமலை அடிவாரச் சிற்றரசுகளில் 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை வளர்ந்த பஹாரி ஓவிய மரபைத் தழுவி, சுவர்களும் தளங்களும் கையால் தீட்டிய வண்ணத்தில் அமைக்கப்பட்டுள்ளன. கட்டடங்கள் இராஜஸ்தானக் கோட்டைகளை நினைவூட்டுகின்றன. அவற்றோடு இந்தோனேசியாவின் பாலித் தீவு மரபும் கலக்கிறது. பாலித் தீவுத் தொன்மத்தின் ரங்தா இவ்வாட்டத்தில் ஓர் எதிரியாக வருகிறாள்.

புகைப்படம் போன்ற துல்லியத்தை இக்குழு நாடவில்லை. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கலைஞர்களை வைத்துச் செய்யும் துல்லியத்தோடு சிறு குழு போட்டியிட முடியாது. மாறாக, ஓர் ஓவிய மரபைப் பற்றிக்கொண்டு அதற்குள் நின்றதால் இவ்வாட்டத்துக்குத் தனி முகம் கிடைத்தது. வெளியாகி ஆண்டுகள் கழிந்தும் இதன் காட்சிகள் பழையவையாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே. தொழில்நுட்பத்தைச் சார்ந்த அழகு விரைவில் மூப்படையும். மரபைச் சார்ந்த அழகு அவ்வளவு எளிதில் மூப்படையாது.

நிழற்பாவையும் இரு குரல்களும்

கதையின் முக்கிய நிகழ்வுகள் நிழற்பாவைக் கூத்து வடிவில் சொல்லப்படுகின்றன. தமிழகத்தின் தோல்பாவைக்கூத்தும் பாலித் தீவின் வாயாங் கூத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கலைகள். இரண்டிலும் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு, ஆட்டுபவர் கை, கதை சொல்லும் குரல். முகபாவனைகளை நுணுக்கமாக அசைவூட்டுவது செலவு மிக்க வேலை. அந்தச் செலவைத் தவிர்க்கவும், கதைக்கு மரபின் நிறத்தைக் கொடுக்கவும் இந்த ஒரே உத்தி பயன்பட்டிருக்கிறது. வரம்பையே வடிவமாக மாற்றிய நல்ல எடுத்துக்காட்டு இது.

கதையைச் சொல்பவர்கள் துர்க்கையும் திருமாலும். மேலிருந்து ராஜியைக் கவனித்தபடி இருவரும் உரையாடுகின்றனர். இச்சிறுமியால் முடியுமா என்று ஐயமும் நம்பிக்கையும் மாறி மாறி எழுகின்றன. ஆட்டத்தின் கேமராவும் பெரும்பாலும் உயரத்தில், தொலைவில் நின்றே ராஜியைப் பார்க்கிறது. பரந்த கோட்டை முற்றத்தில் அவள் ஒரு புள்ளிபோல் ஓடுவாள். தெய்வங்களின் பேச்சும் தெய்வங்களின் பார்வையும் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இப்பொருத்தம் இவ்வாட்டத்தின் மிக நுட்பமான சிறப்பு.

சண்டையில் உடலசைவு

ராஜி போர்வீராங்கனையாக வளர்ந்தவள் அல்லள், வித்தைக்காரி. அவளுடைய சண்டையிலும் வித்தையின் அசைவே மிகுதி. தூணைப் பற்றிச் சுழன்று எதிரிகளைத் தாக்குவாள். சுவரில் ஏறித் திரும்பிப் பாய்வாள். சுற்றுப்புறத்தையே ஆயுதமாக்கும் இந்த முறை அவளுடைய பிழைப்புத் தொழிலோடு ஒட்டி வருகிறது. பாத்திரத்தின் வாழ்க்கையும் அதன் அசைவும் இவ்வாறு ஒத்துப்போகும் இடங்களில் ஆட்டம் உயிர் பெறுகிறது. லினோஸ் ட்ஸெலோஸ் என்னும் கிரேக்க இசையமைப்பாளரின் இசை, இந்திய, பாலித் தீவு மரபிசைகளின் சாயலோடு, காட்சிகளை மூழ்கடிக்காமல் துணைநிற்கிறது.

குறைகள்

தாவலும் தொலைவும்

தாவியேறும் ஆட்டத்தின் உயிர் தாவலில் இருக்கிறது. குதிப்பதற்கு முன் தொலைவைக் கணிக்க முடிய வேண்டும். குதித்த பின் விழும் இடம் தெரிய வேண்டும். தவறினால் அது தன் தவறு என்று ஆடுபவர் ஏற்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஆட்டம் எரிச்சலூட்டத் தொடங்கிவிடும்.

முப்பரிமாணத்தில் இது எளிதன்று. திரை தட்டையானது. நீளமும் உயரமும் தெரியும், ஆழம் தெரியாது. இதைச் சரிசெய்யக் கைதேர்ந்த ஆட்டங்கள் பல வழிகளைக் கையாண்டுள்ளன. சூப்பர் மாரியோ 64இல் ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாரியோவின் நிழல் அவன் காலுக்கு நேர் கீழேயே விழும். அந்த நிழலைப் பார்த்தே இறங்கும் இடத்தைக் கணிக்கலாம். கேமராவைத் திருப்பிப் பார்க்கவும் ஆடுபவருக்கு உரிமை உண்டு. 2017இல் டென்மார்க்கைச் சேர்ந்த சுயாதீனக் குழு வெளியிட்ட அ ஹாட் இன் டைம் ஆட்டத்தில், காற்றில் இருக்கும்போதே இரண்டாம் முறை குதிக்கலாம், முன்னோக்கிப் பாயலாம். தொடக்கக் கணிப்பு பிசகினாலும் வழியில் திருத்திக்கொள்ள இடமுண்டு. 2018இன் செலஸ்ட் இருபரிமாண ஆட்டம். அதில் விளிம்பைத் தாண்டிய மிகச் சிறு கணத்துக்குள் பொத்தானை அழுத்தினாலும் தாவல் ஏற்கப்படும். ஆடுபவர் இந்தச் சலுகையை உணர்வதே இல்லை. தாம் திறமையாகத் தாவியதாகவே மகிழ்வார்.

ராஜியில் கேமரா ஆடுபவரின் கையில் இல்லை. படைப்பாளர்கள் நிறுத்திய கோணத்திலிருந்தே பார்க்க வேண்டும். அந்தக் கோணம் பெரும்பாலும் உயரத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பது. மேடைகளோ திரையில் குறுக்குச் சாய்வாகச் செல்கின்றன. அடுத்த விளிம்பு எவ்வளவு தொலைவு, எந்தத் திசையில் குச்சியைச் சாய்க்க வேண்டும் என்பவை பல இடங்களில் ஊகமாகிவிடுகின்றன. தெருவில் பாண்டி ஆடும் பிள்ளைக்கு மொட்டை மாடியில் நிற்பவர் "இப்போது தாண்டு" என்று குரல் கொடுத்தால் எப்படி இருக்கும்? கட்டத்தின் கோடு மேலிருப்பவருக்கு அழகாகத் தெரியும். பிள்ளையின் காலுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியாது. ராஜியை ஆடுபவரின் நிலை ஏறத்தாழ அதுதான்.

இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கட்டடங்களில் அலங்கார வேலைப்பாடு மிகுதி. எந்த விளிம்பு ஏறத்தக்கது, எது வெறும் அலங்காரம் என்று சில இடங்களில் உடனே பிரித்தறிய முடிவதில்லை. விழுந்தால் இழப்பு பெரிதில்லை. சற்று முன்னிருந்து மீண்டும் தொடங்கலாம். ஆனால் விழுந்தவருக்கு எதைத் திருத்திக்கொள்வது என்று தெரிவதில்லை. தவறிலிருந்து கற்க முடியாத பயிற்சி பயிற்சியாகாது.

காட்டப்படாமல் சொல்லப்படும் கதை

துர்க்கையும் திருமாலும் உரையாடுவது நல்ல உத்தி. ஆயினும் அது மிகைப்பட்டுவிட்டது. வழியிலுள்ள சுவரோவியங்கள் முன்னால் ராஜி நிற்கும்போது புராணக் கதைகள் குரலில் விளக்கப்படுகின்றன. இந்தியத் தொன்மம் அறியாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து இது சேர்க்கப்பட்டிருக்கலாம். ஓவியம் பேச வேண்டிய இடத்தில் விளக்கவுரை பேசுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க மாமல்லபுரத்தின் மகிஷமர்த்தினி மண்டபம் பொருத்தமானது. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் எளிதில் சேரலாம். அக்குடைவரையின் ஒரு சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்த துர்க்கை வில்லோடு போரிடுகிறாள்; எருமைத் தலை அசுரன் கதையைப் பற்றியபடி பின்சாய்கிறான். எதிர்ச் சுவரில் திருமால் அரவணையில் பள்ளிகொண்டிருக்கிறார். ராஜியில் கதை சொல்லும் அதே இரு தெய்வங்கள் அங்கே எதிரெதிராக உள்ளனர். ஒரு பக்கம் முழு இயக்கம், மறு பக்கம் முழு அமைதி. அசுரனின் உடல் பின்னோக்கிச் சாயும் கோணத்திலேயே போரின் முடிவு தெரிந்துவிடுகிறது. சிற்பி அசைவால் சொன்னார். அசைவையே மூலப்பொருளாகக் கொண்ட நிகழ்பட ஆட்டம் அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருக்க முடியும். ராஜி பல இடங்களில் அந்த வாய்ப்பைக் குரலிடம் விட்டுக்கொடுத்துவிட்டது.

ராஜியின் மௌனம்

கதையின் நடுவில் இருப்பவள் ராஜி. ஆனால் அவளைப் பற்றிப் பிறர் பேசும் அளவுக்கு அவள் பேசுவதில்லை. அக்கா, தம்பி பாசம் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அது ஆடுபவரின் அனுபவமாக வளர்வதற்கு நேரம் தரப்படவில்லை. கோலுவோடு சேர்ந்து வித்தை காட்டும் ஒரு நீண்ட கட்டம் முதலில் இருந்திருந்தால், பின்னர் அவனில்லாமல் தனியே தாவும் ஒவ்வொரு தாவலிலும் அந்த வெறுமை தெரிந்திருக்கும்.

அவளுடைய மனத்துக்குள் நுழையும் ஒரே வாசல் வட்டப் புதிர்கள். வட்ட வட்டமாகச் சிதறிய ஓர் ஓவியத்தின் வளையங்களைச் சுழற்றிப் பொருத்தினால், ராஜியும் கோலுவும் வாழ்ந்த பழைய நாட்களின் காட்சி ஒன்று கூடிவரும். எண்ணம் அருமையானது: சிதறிய நினைவைச் சேர்த்தல். ஆனால் புதிர் மிக எளிது. யோசிக்க வேண்டியதில்லை, வளையம் பொருந்தும்வரை சுழற்றினால் போதும். நினைவை மீட்பது அவ்வளவு எளிதாகிவிட்டதால் அதன் வலியும் குறைந்துவிடுகிறது.

முடிவு

ஆட்டம் ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். குறுமை குறையன்று. ஆனால் கதை தீர்வு காணாமல், அடுத்த பாகத்தை எதிர்நோக்கும் விதத்தில் திடீரென நின்றுவிடுகிறது. அடுத்த பாகம் வருவது உறுதியில்லாத நிலையில் சுயாதீனக் குழு இவ்வாறு முடிப்பது, ஆடியவர் செலுத்திய உழைப்புக்குக் கடன் வைப்பதாகும். தன்னளவில் நிறைவுபெறும் சிறு முடிவையாவது தந்திருக்கலாம்.

ஒரே வேரிலிருந்து இரண்டு

மேலே நிறையாகவும் குறையாகவும் சொன்னவற்றை அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும். ராஜியின் உலகம் அழகாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு காட்சியையும் ஓவியர் சட்டம் போட்டு நிறுத்தியதுபோல் கேமரா நிறுத்தப்பட்டிருப்பது. ராஜியின் தாவல் பிசகுவதற்கும் காரணம் அதே கேமராதான். தெய்வங்கள் மேலிருந்து பார்க்கிறார்கள் என்ற கதைப் பொருத்தமும் அதே உயரத்தால் கிடைத்தது. சிறுமியின் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதும் அதே உயரத்தால்தான்.

கண் தெய்வத்துடையது, கால் சிறுமியுடையது. ஆடுபவர் காணும்போது தெய்வத்தின் பக்கம் நிற்கிறார். இயங்கும்போது சிறுமியாக வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் சரியாகக் கட்டப்படவில்லை. கட்ட முடியாத பாலமும் அன்று. நிறுத்திவைத்த கேமராவோடு வெற்றி கண்ட ஆட்டங்கள் உண்டு. 1996இன் கிராஷ் பாண்டிகூட் ஆட்டத்தில் ஆடுபவர் கேமராவைத் திருப்ப முடியாது. ஆனால் பாதை பெரும்பாலும் திரைக்கு நேராகவோ பக்கவாட்டிலோ அமைக்கப்பட்டிருப்பதால் குழப்பம் குறைவு. ராஜியில் காட்சிகளுக்குப் பரந்த உயரமான கோணத்தையும், தாவும் இடங்களில் மட்டும் தாழ்ந்த நேரான கோணத்தையும் கையாண்டிருக்கலாம். காலுக்குக் கீழே தெளிவான நிழலை இட்டிருக்கலாம். நிழற்பாவையைக் கதைசொல்லலில் அவ்வளவு அழகாகப் பயன்படுத்திய ஆட்டம், தாவலில் நிழலின் பயனை மறந்தது விந்தை.

வரவேற்பும் மேம்பட்ட பதிப்பும்

வெளியானபோது விமர்சகர்கள் பெரும்பாலும் காட்சியையும் இசையையும் தொன்மப் பின்னணியையும் பாராட்டினர். தாவலின் துல்லியமின்மை, சண்டையின் தடுமாற்றம், குரல் நடிப்பு, திடீர் முடிவு ஆகியவற்றைக் குறைகளாகச் சுட்டினர். 2022ஆம் ஆண்டு மே மாதம் மேம்பட்ட பதிப்பு வெளியானது. அசைவூட்டம், ஒளியமைப்பு, காட்சிகள் ஆகியவை சீர்செய்யப்பட்டன. முழுமையான இந்திக் குரல் சேர்க்கப்பட்டது. வெளியான பின்னும் குறைகளைக் காதில் வாங்கித் திருத்தியது குழுவின் நேர்மையைக் காட்டுகிறது. எனினும் காட்சிகளின் அடிப்படை அமைப்பு அப்படியே இருப்பதால், மேலே சொன்ன மையச் சிக்கல் முழுதும் தீரவில்லை. அடித்தளத்தில் வந்த கோணலைப் பூச்சு வேலையால் நேராக்க இயலாது.

சலுகையும் மதிப்பும்

ராஜியைப் பற்றிய பேச்சுகளில் இருவகை மிகைகள் காணப்படுகின்றன. இந்தியர் செய்தது என்பதற்காக எல்லாவற்றையும் போற்றுவது ஒன்று. உலகின் பெரும் பொருட்செலவு ஆட்டங்களோடு ஒப்பிட்டு இது ஒன்றுமில்லை என்று தள்ளுவது மற்றொன்று. முதலாவது, மாணவரின் விடைத்தாளைத் திருத்தாமல் முழு மதிப்பெண் போடுவது போன்றது. மாணவர் அன்று மகிழ்வார். அடுத்த தேர்வில் அதே பிழையைச் செய்வார். இரண்டாவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாளைக் கல்லூரித் தாளோடு வைத்து மதிப்பெண் போடுவது போன்றது.

சரியான ஒப்பீடு சம அளவிலான குழுக்களின் ஆட்டங்களோடு செய்வதே. அ ஹாட் இன் டைம் அத்தகையது. 2013இல் அதுவும் கிக்ஸ்டார்ட்டர் வழியே நிதி திரட்டியது. வேண்டியதைவிடப் பன்மடங்கு கிடைத்தது. அதன் காட்சிகள் ராஜியின் அளவுக்குத் தனித்தன்மை உடையவை அல்ல. ஆனால் ஓடுவதும் தாவுவதும் மகிழ்ச்சி தருகின்றன. எதிரி இல்லாத வெற்றிடத்திலும் சும்மா குதித்துக்கொண்டிருக்கத் தோன்றும். ராஜியில் அப்படித் தோன்றுவதில்லை. நின்று பார்க்கத் தோன்றுகிறது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இந்த ஒப்பீடு ராஜியை இழிவுபடுத்துவதன்று. எந்தத் திசையில் அது வளர வேண்டும் என்பதைச் சுட்டுவது.

தமிழ்ச் சூழலுக்கு

நிகழ்பட ஆட்டம் உருவாக்க விரும்பும் தமிழ் மாணவர்கள் ராஜியிலிருந்து கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மரபைக் காட்சியாக மாற்றும் துணிவு. ராஜி காட்டும் இந்தியா பெரும்பாலும் வடக்கின் இந்தியா. அது குறையன்று, அவர்கள் நன்கறிந்த நிலத்தை எடுத்தார்கள். தெற்கின் நிலத்தை எடுக்க வேண்டியவர்கள் தெற்கில் உள்ளவர்களே. அதற்கான மூலங்களும் பக்கத்திலேயே உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்கள், சிற்பங்கள் பற்றிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிழற்படங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அங்கும் புதுச்சேரியின் பிற நிறுவனங்களிலும் உள்ள சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரு தூணின் வடிவை இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து வரைவதைவிட, இத்தகைய தொகுப்புகளைப் பார்த்து வரைவது நூறு மடங்கு மேல்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. மரபு காட்சியில் மட்டும் இருந்தால் போதாது. அசைவிலும் இருக்க வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. அவ்விழாவுக்குரிய காரைக்கால் அம்மையார், இறைவன் உறையும் கயிலை மலையைக் காலால் மிதிக்க மனமின்றித் தலையால் நடந்து ஏறியவர் என்பது மரபு. அந்தக் கதையில் பக்தி சொல்லில் இல்லை, நடக்கும் விதத்தில் இருக்கிறது. அம்மையாரைப் பற்றி ஓர் ஆட்டம் செய்தால், மலையின் வண்ணத்தை எவ்வளவு அழகாகத் தீட்டினாலும், ஏறும் அசைவு மற்ற ஆட்டங்களில் உள்ளதுபோலவே இருந்தால் அது அம்மையாரின் கதையாகாது. தலைகீழாய் ஏறும்போது உலகம் எப்படித் தெரியும், கைகள் எங்கே ஊன்றும் என்பதை ஆடுபவர் தம் விரல்களில் உணர வேண்டும். ராஜி தவறவிட்டது இதைத்தான். துர்க்கையின் கோயிலிலும் அசுரர் கோட்டையிலும் அவள் ஒரே விதமாகவே ஏறுகிறாள், ஒரே விதமாகவே தாவுகிறாள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அது தாவியேறும் வகையைச் சேர்ந்ததன்று. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. ராஜியைவிட மிகச் சிறியது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லி முதலான உணவுகளைச் சமைப்பதே ஆட்டம். தாயின் சமையல் குறிப்பேடு சிதைந்திருப்பதால் விடுபட்ட படிகளை ஆடுபவரே ஊகித்துச் சமைக்க வேண்டும். மொழியும் ஊரும் தலைமுறையும் விட்டுப்போவதைப் பற்றிய கதைக்கு, விடுபட்டதை ஊகித்து நிரப்பும் செயல் அப்படியே பொருந்துகிறது. இவ்வாட்டம் 2024இல் பாஃப்டாவின் சிறந்த முதல் ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. கையின் செயலும் கதையின் பொருளும் ஒன்றானால் சிறு ஆட்டமும் நெடுந்தூரம் செல்லும் என்பதற்கு இது சான்று.

மதிப்பீடு

ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக் ஆடிப் பார்க்க வேண்டிய ஆட்டம். இந்திய ஓவிய, கூத்து மரபுகள் முப்பரிமாண ஆட்டத்தில் எவ்வளவு தூரம் ஒளிர முடியும் என்பதைக் காட்டிய முன்னோடிகளுள் ஒன்று அது. ஏழைச் சிறுமி ஒருத்தியைக் கதையின் மையமாக்கியது, வரம்புகளை வடிவமாக மாற்றியது, தெய்வங்களின் பார்வையையே கேமராவாக்கியது ஆகியவை நிலைத்த சிறப்புகள். துல்லியமில்லாத தாவல், மிகுதியான விளக்கவுரை, வளராத மையப் பாத்திரம், முடியாத முடிவு ஆகியவை அதன் குறைகள். இவற்றுள் முதலாவதே பெரிது. ஏனெனில் தாவியேறும் ஆட்டத்தில் தாவல் என்பது பல உறுப்புகளில் ஒன்று அன்று; அதுவே முதுகெலும்பு.

பார்ப்பவருக்கு ராஜி நிறைவு தரும். ஆடுபவருக்கு அது பாதி நிறைவையே தருகிறது. மீதிப் பாதியை எழுதும் பொறுப்பு இதைப் பார்த்து வளரும் தலைமுறையுடையது.